மலைக்குப் போகும் தடி

மலைப்பாதையில் நடப்பவரின் கைத்தடிக்கு முதல் வேலை, மூன்றாவது காலாக இருப்பது. ஏற்றத்தில் உடம்பைத் தூக்கிவிடும். இறக்கத்தில் முழங்காலுக்குப் போகும் அடியில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். வழுக்குப் பாறையில் ஆளைச் சாயவிடாமல் பிடிக்கும். இந்த வேலைக்காகவே அது எந்நேரமும் கையில் இருக்கிறது. முதுகுப்பை அப்படியல்ல. ஓய்வெடுக்கும்போது இறக்கி வைப்பார்கள். ஓடையில் தடுமாறினால் நழுவவிடுவார்கள். பின்னால் வருபவரிடம் கொடுத்துவிட்டு முன்னே நடந்து வழி தவறியவர்களும் உண்டு. ஆபத்து வரும் நேரத்தில் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் தடிதான். அந்த நேரத்துக்கு வேண்டிய சில பொருள்களைத் தடியிலேயே சுற்றியும் செருகியும் வைத்துக்கொண்டால், அது வெறும் ஊன்றுகோலாக இல்லாமல் உயிர் காக்கும் கருவியாகவும் ஆகிறது.

இதில் ஒரு கண்டிப்பு வேண்டும். நடைக்கு இடைஞ்சலான எதுவும் தடியில் இடம்பெறக் கூடாது. பத்துக் கருவிகளைத் திணித்து ஒன்றரைக் கிலோவுக்குக் கனத்துப்போன தடியை, பாதி மலையிலேயே ஏதாவதொரு பாறையில் சாய்த்துவிட்டுப் போகத்தான் தோன்றும். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைச் சேர்க்காமல் விடுவது என்பதில்தான் இந்தக் கைவேலையின் நயம் இருக்கிறது.

பழைய தடிகள்

ஒரே கோலைப் பல வேலைக்கு ஆளாக்குவது மனிதருக்குப் புதிதல்ல. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் பொஜெட்டி வெக்கி என்ற இடத்தில் ஏறத்தாழ 1,71,000 ஆண்டுப் பழமையான மரக்கோல்கள் கிடைத்தன. நியாண்டர்தால் மனிதர்கள் பாக்ஸ்வுட் என்னும் கெட்டி மரத்தை எடுத்து, தீயில் வாட்டிப் பட்டையைச் சுரண்டி, ஒரு முனையைக் கைக்கு அடங்கும்படி உருட்டி, மறுமுனையைக் கூராக்கியிருக்கிறார்கள். கிழங்கு தோண்டவும் சிறு விலங்கு அடிக்கவும் அந்தக் கோல்கள் பயன்பட்டிருக்கும் என்று தொல்லியலாளர் கருதுகிறார்கள்.

தமிழில் இதற்கு நல்ல சாட்சி முக்கோல். பழந்தமிழ்த் துறவியர் மூன்று கோல்களைச் சேர்த்துக் கட்டிய தண்டை ஏந்தி நடந்தனர். தங்குமிடத்தில் அதை ஊன்றினால் உடை போடும் கொடியாகவும் ஆகிவிடும். முல்லைப்பாட்டில், பாசறையில் வில்லை ஊன்றி அம்பறாத்தூணியை மாட்டி வைத்திருக்கும் காட்சிக்கு, துறவி தன் காவியுடையை முக்கோலில் இட்டு வைத்திருப்பதே உவமையாக வருகிறது. நடக்கும்போது ஊன்றுகோல், நின்றால் தூண் என்ற கருத்து அவ்வளவு பழையது.

இன்றும் ஆட்டுக்காரர் கையிலிருக்கும் தொரட்டி இதே வகைதான். நீண்ட கம்பின் முனையில் வளைந்த சிற்றரிவாள். கருவேலங்காயை உலுக்கவும், ஆட்டுக்குக் குழை அறுத்துப் போடவும், தூக்குச்சட்டியை மாட்டித் தோளில் போட்டுக்கொள்ளவும், வெயிலில் நின்றபடியே சாய்ந்து ஓய்வெடுக்கவும் அந்த ஒரு கம்பு போதும்.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை இடையர்கள் இரும்பு முனை வைத்த நெடுந்தடியை வைத்திருந்தார்கள். அதற்கு ஆல்பென்ஸ்டாக் என்று பெயர். 1786 ஆகஸ்ட் 8-இல் மோன் பிளாங்க் சிகரத்தை முதன்முதலாக எட்டிய ஜாக் பால்மா, மிஷேல் பக்கார் இருவர் கையிலும் அத்தகைய தடியே இருந்தது. பனியில் படி வெட்டத் தனியே ஒரு கைக்கோடரியும் தூக்க வேண்டியிருந்ததால், 19-ஆம் நூற்றாண்டில் தடியையும் கோடரியையும் ஒன்றாக்கினார்கள். இன்றைய மலையேறிகளின் பனிக்கோடரி அப்படிப் பிறந்ததுதான். பேடன் பவல் 1908-இல் சாரணர் இயக்கத்துக்கு எழுதிய நூலிலும் தடிக்கு முக்கிய இடம் உண்டு. அடியும் அங்குலமும் குறித்த அந்தத் தடியால் ஆழம் பார்ப்பது, பள்ளம் தாண்டுவது, கூடாரம் நிறுத்துவது, காயம்பட்டவரைத் தூக்குவது எல்லாம் சாரணச் சிறுவர்களுக்குப் பயிற்சியாகக் கற்பிக்கப்பட்டன.

மரமும் அளவும்

தமிழ்நாட்டில் இந்த வேலைக்குக் கல்மூங்கிலை மிஞ்சிய பொருள் இல்லை. மற்ற மூங்கில்களைப் போல இதன் உள்ளே பெரிய வெற்றிடம் இராது. அடிப்பகுதி ஏறக்குறைய கெட்டியாகவே இருக்கும். போலீஸ் லத்திக்கும் இந்த இனத்தையே தேடுவார்கள். இலேசு, வளையும், எளிதில் முறியாது. கோவை வெள்ளியங்கிரியில் பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை ஏறும் பக்தர்கள் கையில் மூங்கில் தடியைப் பார்க்காமல் இருக்க முடியாது. அடிவாரக் கடையில் கிடைக்கும் தடி ஒரு நாள் நடைக்குப் போதும்; பல ஆண்டு வைத்துப் பழகும் தடிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மூன்று ஆண்டுக்கு மேல் முற்றிய மூங்கிலாகப் பார்க்க வேண்டும். இளசில் மாவுச்சத்து அதிகம். அதைத் தின்ன வரும் சிறு வண்டுகள் துளைத்துத் துளைத்து மாவாக உதிர்த்துவிடும். தடி உளுத்துப் போகும். வெட்டிய மூங்கிலைச் சில வாரம் குளத்துத் தண்ணீரிலோ ஓடும் நீரிலோ ஊறப்போடுவது அந்த மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றத்தான். பிறகு நிழலில் படுக்க வைத்துக் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் வெளிப்பக்கம் முந்திச் சுருங்கி வெடிக்கும். கோணல் இருந்தால் அந்த இடத்தைத் தணலில் சூடேற்றி, கவட்டையில் செருகி நிமிர்த்தி, ஈரத்துணியால் குளிர்விக்க வேண்டும். சிலம்பக் கம்பு செய்பவர்களுக்குக் கைவந்த வேலை இது.

காட்டுக்குள் போய் வெட்டி வரலாமே என்று எண்ணக் கூடாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்குத்தான் மரம் என்ற கட்டுப்பாடு நீங்கியது. வனப்பகுதி மூங்கிலில் கை வைப்பது இன்றும் குற்றம். சொந்த நிலத்து மூங்கிலோ மூங்கில் கடையோதான் வழி.

நீளம் ஆளுக்கு ஆள் மாறும். சமதரையில் நடக்கும் கைத்தடிக்கு இடுப்பளவு போதும். மலைத்தடிக்கு அக்குள் உயரம் வேண்டும். சராசரி உயரமுள்ள ஒருவருக்கு 130 முதல் 140 செ.மீ. ஏறும்போது சற்றுக் கீழே பிடிக்கலாம், இறங்கும்போது மேல் முனையைப் பிடித்துக் கீழ்ப்படியில் முன்கூட்டியே ஊன்றலாம். அக்குள் உயரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது எலும்பு முறிவைப் பற்றிச் சொல்லும்போது வரும். விட்டம் 2.5 முதல் 3 செ.மீ. இந்த அளவில் கல்மூங்கில் தடி அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை இருக்கும். எல்லாம் கட்டி முடித்த பிறகும் ஒரு கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கே செதுக்கலாம், எங்கே செதுக்கக் கூடாது என்பதை இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தடி வளையும்போது அதன் மேற்பரப்பு நார்களே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. 30 மி.மீ. தடியை ஓரிடத்தில் 24 மி.மீ. ஆகச் செதுக்கினால், அந்த இடத்தின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனால் அதே தடியின் நடு மையத்தில் 15 மி.மீ. துளையிட்டால் இழப்பது ஆறு சதவீதத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அழகுக்காக நடுத்தண்டில் பள்ளம் வெட்டிப் பாம்பு, மயில் செதுக்குவது தடியைக் கொல்லும் வேலை. செதுக்க ஆசையிருந்தால் மேல் முனையில் ஒரு சாண் இடத்துக்குள் முடித்துக்கொள்ளலாம்.

பூணும் பிடியும்

கீழ் முனைக்குப் பூண் இல்லாத தடி ஒரே பருவத்தில் துடைப்பக் கட்டையைப் போல விரிந்துவிடும். 3 அல்லது 4 செ.மீ. நீளத்துக்குப் பித்தளைக் குழாயோ இரும்புக் குழாயோ வெட்டி வாங்கி, தடியின் நுனியை அரத்தால் ராவி, இறுக்கமாக அடித்து ஏற்ற வேண்டும். சிறிது எபாக்சிப் பசை வைத்தால் மழையிலும் கழலாது. பூணுக்கு நடுவே ஒரு முளை ஆணியைப் பொருத்தினால் சேற்றிலும் ஈரப்புல்லிலும் கடித்து நிற்கும். பாறையில் இதே ஆணி வழுக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊன்றுகோல் ரப்பர் குப்பியை அதன்மேல் மாட்டிக்கொண்டால் இரண்டுக்கும் ஆகும். சேறு வந்தால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். பூண் வைத்த முனை தோண்டவும் உதவும். இயற்கை உபாதைக்குப் போகிறவர் நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி எடுத்து மூடிவிட வேண்டும் என்பது மலைநடையின் அடிப்படை ஒழுக்கம். அதற்கு இந்த முனை போதும்.

பிடியில் சுற்றும் கயிறுதான் இந்தத் தடியின் உண்மையான செல்வம். பாராசூட் கயிறு என்று கடைகளில் விற்கும் நைலான் கயிறு 4 மி.மீ. தடிமன் கொண்டது, நல்ல தரமானது ஏறத்தாழ 250 கிலோ இழுவையைத் தாங்கும். அதன் உறைக்குள் ஏழு மெல்லிய இழைகள் இருக்கும். 3 செ.மீ. தடியில் 15 செ.மீ. நீளத்துக்கு நெருக்கமாகச் சுற்றினால் ஏறக்குறைய 4 மீட்டர் கயிறு அடங்கும், 30 செ.மீ. நீளத்துக்குச் சுற்றினால் 8 மீட்டர். அந்த 8 மீட்டர்க் கயிற்றைப் பிரித்தால் உள்ளிழையாக மட்டும் 56 மீட்டர் நூல் கிடைக்கும். கூடாரம் கட்ட, அறுந்த செருப்பைத் தைக்க, முதுகுப்பையின் வார் பிய்ந்தால் இழுத்துக் கட்ட, உடைந்த காலைச் சேர்த்துக் கட்ட எல்லாவற்றுக்கும் கயிறுதான் முதலில் வேண்டும். காட்டில் கத்திக்குக்கூட ஓரளவு மாற்றுக் கிடைக்கும், கயிற்றுக்குக் கிடைக்காது.

சுற்றும் முறையில் கவனம் வேண்டும். கயிற்றின் ஒரு முனையைத் தண்டோடு நீளவாக்கில் மடக்கி வைத்து, அதன்மேல் வரிசையாகச் சுற்றி, கடைசி முனையை அந்த மடிப்பின் காதுக்குள் நுழைத்து உள்ளே இழுத்துவிட்டால் முடிச்சே இல்லாமல் நிற்கும். அவசரத்தில் அந்த முனையை வெளியே இழுத்தால் மளமளவென்று பிரியும். பசை போட்டு ஒட்டிவிட்டால் அது அலங்காரமே தவிர ஆபத்துக்கு உதவாது.

கயிற்றுக்குக் கீழே பழைய சைக்கிள் டியூபை வளையங்களாக நறுக்கி ஐந்தாறு மாட்டி வைக்கலாம். செலவில்லாத பொருள், ஆனால் இதைப் போல உபயோகமானது குறைவு. கைக்குப் பிடிமானம், பொருள்களை இறுக்கும் பட்டை, கட்டுப்போட உதவும் ரப்பர், மழையில் நனைந்த பிறகும் பற்றி எரியும் எரிபொருள் என எல்லாமாகவும் அது ஆகும். அதன் கீழே டக்ட் டேப் எனப்படும் துணி ஒட்டுநாடாவை இரண்டு மூன்று மீட்டர் சுற்றி வைப்பது மலையேறிகளின் நெடுநாள் பழக்கம். கிழிந்த மழைக்கோட்டையும் கழன்ற ஷூ அடியையும் ஒட்ட அதைவிட விரைவான வழி இல்லை. ஒரு வளையம் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையாக இருக்கட்டும். தைப்பூசத்துக்குப் பழனிப் பாதையில் இரவெல்லாம் நடக்கும் பாதயாத்திரைக்காரர்களுக்கு, பின்னால் வரும் லாரியின் கண்ணில் பட வைக்கும் அந்த ஒரு பட்டையே உயிர்க்காப்பு.

மேல் முனையில் இரண்டு வேலைகள் செய்யலாம். ஒன்று, உச்சியிலிருந்து நடு மையத்தில் எட்டுப் பத்து செ.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, மூடி போட்ட சிறு அறை அமைப்பது. கல்மூங்கிலின் நுனிப்பக்கம் இயல்பாகவே சிறிது பொள்ளலாக இருப்பதால் வேலை எளிது. ஆனால் வெட்டு கணுவுக்குச் சற்று மேலே அமைய வேண்டும்; அறையின் தரையாகக் கணுவே நிற்கும். வெளியே நூலால் இறுகச் சுற்றிப் பசை பூசாவிட்டால் மூங்கில் நார்வாக்கில் பிளந்துவிடும். உள்ளே ஓர் ஊசி, இரண்டு ஊக்கு, குளோரின் மாத்திரை நாலைந்து, வாஸலின் தடவிய பஞ்சு உருண்டை இரண்டு. இதற்கு மேல் வேண்டாம். இரண்டாவது வேலை, உச்சியில் கால் அங்குலத் திருகு ஒன்றைப் பதிப்பது. உலகெங்கும் கேமராக்களின் அடியில் இருக்கும் துளை, அங்குலத்துக்கு 20 புரி கொண்ட கால் அங்குலத் திருகுக்கானது. ஆகவே தடி கேமராவுக்கும் கைபேசிக்கும் ஒற்றைக்கால் தாங்கியாகிவிடும். தேவைப்பட்டால் அதே திருகில் கொக்கியையும் மாட்டலாம். அறையும் திருகும் ஒரே தடியில் சேராது. கேமரா இல்லாதவருக்கு அறையே மேல்.

பிடிக்கு மேலே ஒரு விசிலைக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். குரல் அரை மணியில் கம்மிவிடும், விசில் கம்மாது. ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை ஊதுவது ஆல்ப்ஸ் மலையேறிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த அபாய அறிகுறி. நிமிடத்துக்கு மூன்று ஊதல் பதிலாக வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். இரவில் டார்ச் விளக்கை இதே கணக்கில் அணைத்து எரிக்கலாம்.

தண்டின் ஒரு பக்கம் கீழிருந்து மேலாக 10 செ.மீ.க்கு ஒரு கோடு, சூடாக்கிய கம்பியால் மேலோட்டமாகச் சுட்டு வைக்கலாம். ஓடையின் ஆழம் பார்க்க உதவும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதற்கு ஒரு தனிப் பயனும் உண்டு. யானையின் முன்கால் தடத்தின் சுற்றளவைக் கயிற்றால் எடுத்து, தடியில் அளந்து, இரண்டால் பெருக்கினால் அந்த யானையின் தோள் உயரம் வந்துவிடும். பாகர்களும் வனத்துறையினரும் அறிந்த கணக்கு இது. ஈரம் காயாத தடத்தில் 130 செ.மீ. சுற்று இருந்தால், 260 செ.மீ. உயரமுள்ள யானை சற்று முன்புதான் அந்த வழியே போயிருக்கிறது. அளந்து ரசித்துக்கொண்டு நிற்காமல் வந்த வழியே திரும்புவதே சரி.

தடியைக் கொண்டு பிழைப்பது

பாம்புதான் தமிழ்நாட்டுக் காட்டுவழியில் முதல் கவலை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். கடிகளில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலும் விழுபவை. பாம்பு தரையின் அதிர்வை உணரும். ஆகவே புல் மூடிய பாதையில் தடியைத் தட்டி ஊன்றி நடந்தால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். கண்ணாடி விரியன் அவ்வளவு எளிதில் நகராது. கிடந்த இடத்திலேயே சீறும். அதனால் காலடி வைக்கும் இடத்தைத் தடியால் விலக்கிப் பார்த்த பிறகே வைக்க வேண்டும். பாம்பை அடிக்கவோ தூக்கவோ தடியை நீட்டக் கூடாது. அப்படி நெருங்கிப் போய்க் கடி வாங்கியவர்கள் ஏராளம். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட காலைத் தடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போவது ஒன்றே வழி.

மழைக்காலத்தில் அட்டைத் தொல்லை. உப்பைத் துணியில் முடிந்து தடியின் கீழ்ப்பகுதியில் கட்டி, சற்றே நனைத்து, ஷூவிலும் கால்சட்டையிலும் ஏறும் அட்டைமேல் ஒற்றினால் குனியாமலே உதிர்த்துவிடலாம். தோலில் கடித்துவிட்ட அட்டையை மட்டும் நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுப்பது நல்லது.

ஓடையைக் கடக்கும்போது, நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, தடியை முன்னே ஊன்றி, அதன்மேல் சற்றுச் சாய்ந்துகொள்ள வேண்டும். இரண்டு கால், ஒரு தடி என்ற மூன்று ஊன்றலில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்த வேண்டும். முதுகுப்பையின் இடுப்பு வாரை முன்கூட்டியே அவிழ்த்துவிட வேண்டும். தடியில் மணிக்கட்டு வளையம் கட்டியிருந்தால் அதிலிருந்தும் கையை எடுத்துவிட வேண்டும். பாறை இடுக்கில் தடி சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். வேகமாக ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் எந்தத் தடியும் காப்பாற்றாது. தெளிந்து ஓடிய நீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் அடித்து வந்தால், மேலே மழை பெய்து காட்டாறு இறங்குகிறது. நின்று யோசிக்காமல் கரையேறிவிட வேண்டும்.

திசை பார்க்கத் தடியும் வெயிலும் போதும். சமதரையில் தடியைச் செங்குத்தாக நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்து, கால் மணி நேரம் கழித்து நிழல் நகர்ந்த இடத்தில் இன்னொரு கல்லை வைத்தால், முதல் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. நடுப்பகலை ஒட்டிச் செய்தால் துல்லியம் கூடும். கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு என்னும் முளையை நட்டுத் திசை குறித்ததும் இதே நிழல் கணக்கில்தான். அவர்கள் முளையைச் சுற்றி வட்டம் போட்டு, காலையிலும் மாலையிலும் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளை இணைத்தார்கள். ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகளில் நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும் என்று எழுதியிருப்பார்கள். தமிழ்நாட்டில் அதை நம்பினால் வழி தவறும். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை இங்கே நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி நண்பகலில் நிழலே இராது. இரண்டு கல் முறைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இரவு தங்க நேர்ந்தால், இரு மரங்களுக்கு இடையே கயிற்றைக் கட்டித் தார்ப்பாயைப் போர்த்தலாம். மரம் இல்லாத புல்வெளியில் தடியையே நடுத்தூணாக நட்டு, நான்கு மூலையையும் கல் வைத்து இழுத்துக் கட்டினால் ஒருவர் ஒடுங்கும் கூடாரமாகும். மலையில் இரவு மழையும் காற்றும் சேர்ந்தால் குளிரே ஆளைக் கொல்லப் போதும். அதனால் பசியைவிடக் கூரையைப் பற்றி முதலில் நினைக்க வேண்டும்.

தீ மூட்டுவது கடைசி வழி. பிடியின் கயிற்றுக்குள் ஒரு தீப்பொறிக் கம்பியைச் செருகி வைக்கலாம். இரும்பும் சீரியமும் கலந்த இந்த உலோகத்தை 1903-இல் உருவாக்கியவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக். பெட்ரோமாக்ஸ் விளக்குகளில் ஒளிர்ந்த மேண்டிலும் அவருடைய கண்டுபிடிப்பே. கத்தியின் முதுகால் உரசினால் ஏறத்தாழ 3,000 டிகிரி வெப்பத்தில் பொறி பறக்கும், நனைந்தாலும் கெடாது. வாஸலின் பஞ்சில் அந்தப் பொறி பட்டால் சில நிமிடம் நின்று எரியும். ஆனால் காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் மாண்டதைத் தமிழ்நாடு மறந்துவிடக் கூடாது. உயிர் போகும் குளிர் இருந்தாலன்றி அந்தக் கம்பியைத் தொடவே கூடாது. குடிநீரைக் காய்ச்சவும் தீ வேண்டாம், குளோரின் மாத்திரையே போதும்.

கால் முறிந்தால் அக்குள் உயரத் தடியின் அருமை தெரியும். தொடை எலும்போ முழங்காலுக்குக் கீழ் எலும்போ உடைந்தவரைப் படுக்க வைத்து, அக்குளிலிருந்து பாதம்வரை வெளிப்பக்கமாகத் தடியை வைத்து, மார்பு, இடுப்பு, தொடை, கணுக்கால் எனத் துணிப்பட்டையால் கட்டினால் முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாமல் நிற்கும். தடிக்கும் உடம்புக்கும் இடையே துண்டோ சட்டையோ மடித்து வைக்க வேண்டும். முறிந்த இடத்தின் மேலேயே முடிச்சுப் போடக் கூடாது. இரு தடிகளில் சட்டைகளை மாட்டித் தூக்குப்படுக்கை செய்யலாம் என்று பல கையேடுகள் சொல்கின்றன. 140 செ.மீ. தடியில் முழு ஆளைப் படுக்க வைக்க நீளம் போதாது. இருவர் ஒரு தடியின் இரு முனையைப் பிடித்து, காயம்பட்டவரை அதன்மேல் உட்கார்த்தி, அவர் கைகளைத் தங்கள் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதே நடைமுறையில் ஆகக்கூடியது. முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அதையும் செய்யாமல், அசைக்காது வைத்து, 108-ஐயோ 112-ஐயோ அழைத்துக் காத்திருக்க வேண்டும்.

வேண்டாதவை

தடிக்குள் கத்தியை ஒளித்து வைக்கும் ஆசை பலருக்கு வரும். அதை அடியோடு விட்டுவிட வேண்டும். உள்ளே வாள் மறைந்த கைத்தடியை இந்திய ஆயுத விதிகள் வாளோடு சேர்த்தே ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. சட்டம் ஒருபுறமிருக்க, வழுக்கி விழும்போது உடம்போடு விழும் பொருளில் கூர்மையான இரும்பு இருப்பதே ஆபத்து. தேவையான சிறு மடக்குக்கத்தி சட்டைப்பையில் இருக்கட்டும்.

இணையக் கடைகளில் அலுமினியக் குழாய்களைத் திருகித் திருகிச் சேர்த்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ரம்பம், திருகுளி, கொக்கி என்று வைத்து விற்கும் தடிகளும் உண்டு. பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் முழு உடம்பின் பாரமும் சாயும் இடத்தில் திருகு மூட்டு இருப்பது நல்ல அமைப்பல்ல. மண் ஏறிய மூட்டு கழலவும் கழலாது, இறுகவும் இறுகாது. ஒரே துண்டான மூங்கிலுக்கு அது ஈடாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தடி இருக்கிறது என்ற தைரியத்தில் அனுமதியில்லாத காட்டுக்குள் போகக் கூடாது. தமிழ்நாடு அரசு 2024-இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் வழிகாட்டிகளோடு திறக்கப்பட்டன. பழக விரும்புபவருக்கு அவையே சரியான களம்.

முடித்த தடியை உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு பூச வேண்டும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போட வேண்டும். ஆண்டுக்கொரு முறை எண்ணெய்ப் பூச்சும், பயணத்துக்கு முன் கயிற்றை ஒரு தரம் பிரித்துச் சுற்றிப் பார்ப்பதும் அவசியம். வீட்டு முற்றத்தில் பிரிக்கத் தெரியாத முடிச்சு, மழை இருட்டில் விறைத்த விரலுக்கு அவிழாது. கடைசியாகத் தடியை நிமிர்த்திப் பிடித்து, நகத்தால் மேலிருந்து கீழாக வருடிப் பார்க்க வேண்டும். கணுவைத் தாண்டி நீளும் விரிசல் ஒன்று தட்டுப்பட்டாலும், எவ்வளவு பழகிய தடியானாலும், அதை மலைக்கு எடுத்துப் போகக் கூடாது.